பதினேழாம் சதுரத்துக் காலடி மண்

1

மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் நிறுக்கிறவளுக்கு இங்கிலாந்துக் கோட்டையைப் பற்றி எழுத என்ன தகுதி என்று, ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். நானும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவள்தான். ஆனால் போன வியாழக்கிழமை தபாலில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வந்தது. இடிந்த கோட்டை ஒன்றில் நடந்த அகழாய்வின் அறிக்கை. அதில் ஒரு பக்கத்தில் மகள் மஞ்சள் தாள் ஒட்டி அனுப்பியிருந்தாள். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். 2009 கடைசியில் வன்னி முகாமிலிருந்து வெளியே வந்து, அடுத்த வருடம் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாரிஸில் இறங்கியவள் நான். இவர், அதாவது என் மனுசன், பிறகுதான் வந்து சேர்ந்தார். வீடு பாரிஸுக்கு வெளியே கார்ஜில். வேலை தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில். காலையில் ரயிலில் ஏறி நின்றபடியே தூங்கி, இறங்கி, முருங்கைக்காய்ப் பெட்டி உடைத்து, மாலையில் அதே ரயிலில் திரும்புகிறேன். இதுதான் என் பிரான்ஸ். ஈபிள் கோபுரத்தை இரண்டு தரம் பார்த்திருக்கிறேன், இரண்டு தரமும் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போனபோது.

மகள் ஆரணி. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று இவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டார்.

"மண் கிண்டவோ உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தனாங்கள்?"

"நீங்கள் கிண்டின மாதிரி இல்லை அப்பா. நாங்கள் மெதுவாக் கிண்டுவம்."

வன்னியில் நாங்கள் எத்தனை பங்கர் வெட்டினோம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டில் அவளும் இருந்தவள். இவர் கோப்பையைத் திரும்ப இழுத்துச் சாப்பிட்டார்.

2

2022 கோடையில் ஆரணி இங்கிலாந்துக்குப் போனாள், ஆறு கிழமை அகழாய்வுக்கு. அவளுக்கு ஒரு சதுரம் கொடுத்திருந்தார்கள், பதினேழாம் இலக்கம். நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக விடுவார்களாம். அவளுடைய ஆய்வேடு முழுக்க அந்தச் சதுரத்தை நம்பித்தான் இருந்தது. அது சரிவந்தால் மேற்படிப்புக்கு இடம், அடுத்த வருடமும் அங்கே வேலை. பிழையாகிப் போனால் ஒரு வருடம் வீண். "வேறை பிளான் இல்லை அம்மா" என்று போனில் சொன்னாள்.

மூன்றாம் கிழமை பார்வையாளர் நாள். பெற்றோரும் வரலாம். என்னிடம் பிரெஞ்சுப் பாஸ்போட் இருந்தது. இவரிடம் அகதிப் பயணப் புத்தகம், அதற்கு விசா வேண்டும், விசாவுக்கு நேரம் எடுக்க வேண்டும், நேரம் கொடுக்கிற இணையப் பக்கம் திறக்கவே திறக்காது. இவருடைய நஷனாலித்தே, அதாவது குடியுரிமை விண்ணப்பம் வேறு பிரெஃபெக்தூர் அலுவலகத்தில் கிடந்தது. "இந்த நேரத்திலை ஒரு எல்லையும் தாண்டப்படாது" என்று தானே முடிவெடுத்து, எனக்குப் புளிச்சாதம் கட்டித் தந்து ஸ்டேஷனில் ஏற்றிவிட்டார்.

கோட்டை என்றால் என் மனதில் இருந்தது யாழ்ப்பாணக் கோட்டைதான், கடலோரம் பதிந்து கிடக்கிற தடித்த மதில். இது வேறு. ஒரு மேடு, அதைச் சுற்றி அகழி. அகழியில் தண்ணீர் இல்லை, புல் முளைத்து ஆடு மேய்ந்தது. உள்ளே பெரிய கல் கோபுரம் ஒன்று மூன்று பக்கச் சுவரோடு நின்றது, நாலாம் பக்கத்தைக் காணவில்லை. அண்ணாந்து பார்த்தால் ஆறு ஆள் உயரத்தில் சுவருக்குள் ஒரு பெரிய அடுப்பு. அடுப்புக்கு முன்னால் நிற்க நிலமே இல்லை.

"உதிலை ஏறி ஆர் சமைச்சது?"

ஆரணி சிரித்தாள். சுவரில் வரிசையாக இருந்த சதுர ஓட்டைகளைக் காட்டினாள். அவற்றில் மரத் தீராந்திகளைச் செருகி, மேலே பலகை அடித்து மாடி போட்டிருந்தார்களாம். மரம் போய்விட்டது, அடுப்பு நிற்கிறது. சுவரின் கீழ்ப்பாகம் எலி கடித்தது மாதிரிக் குதறிக் கிடந்தது. அதைத் தடவிச் சொன்னாள்.

"வெளியிலை நல்லா வெட்டின கல்லு அடுக்கி, உள்ளுக்குச் சல்லியும் சுண்ணாம்பும் நிரப்பியிருக்கினம். கோட்டை கைவிட்ட பிறகு சுத்தவர இருந்த சனம் வெட்டின கல்லைக் கழட்டிக்கொண்டு போய் வீடு கட்டியிட்டுது. மிச்சம்தான் இது."

எனக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இடம்பெயர்ந்து திரும்பிப் போனபோது எங்கள் வீட்டின் ஓடு, கதவு, யன்னல், நிலை, கடைசியில் கிணற்றுக் கப்பி வரை இல்லை. சுவர் மட்டும் நின்றது.

அவளுடைய பதினேழாம் சதுரம் கோட்டை வாசலில் இருந்தது. வாசலின் இரண்டு பக்கமும் கோபுரம், இரண்டிலும் பாதிதான் மிச்சம். நடுவில், மேலிருந்து இறங்குகிற இரும்புக் கதவு ஓடின தவாளிப்பு இன்னும் கல்லில் தெரிந்தது. பக்கத்தில் காவல்காரர் இருந்த அறை. அந்த அறையின் தரையில், முழங்கால் ஆழத்தில், கறுப்பு மண் படை ஒன்று. வாசல் எரிந்த படை. எப்போது எரிந்தது என்பதுதான் கேள்வி. ஒரு காலத்தில் எதிரிப் படை கோட்டையை முற்றுகையிட்டதாம், அப்போதா, அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்தா? அந்தக் கரிக்குள் காலம் சொல்லக்கூடிய ஒரு பொருள் கிடைத்தால் போதும். மூன்று கிழமையாக ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் பார்த்துவிட்டுக் கேட்டேன், "கதவு நிலையோடை எரிஞ்சதோ, இல்லாட்டி நிலையை முந்தியே கழட்டிக்கொண்டு போயிட்டினமோ?"

ஆரணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து கொப்பி எடுத்து அதை எழுதினாள். நான் சொன்ன ஒன்றை என் மகள் கொப்பியில் எழுதினது அன்றைக்குத்தான்.

3

பிழை நடந்தது அதற்குப் பிறகு.

அகழாய்வுப் பொறுப்பாளர் ஒரு உயரமான அம்மா, நரைத்த தலை, முழங்காலெல்லாம் சேறு. வந்திருந்த நாற்பது ஐம்பது பேருக்கு முன்னால் ஆரணியின் தோளில் கை வைத்து, இந்த வருடம் வந்தவர்களில் இவள்தான் கெட்டிக்காரி, இப்படி ஒரு கை நான் பார்த்ததில்லை என்று பேசினா. ஆரணி வெட்கத்தோடு எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள். சனம் கை தட்டியது. நாவூறு, அதாவது கண்ணூறு, பட்டுவிடாதா? பிள்ளையை முகத்துக்கு நேரே இப்படியா புகழுவது! அதுவும் ஊருக்கு முன்னால்!

கால்மணி நேரம் ஆகவில்லை. சதுரத்தைப் படம் எடுத்தார்கள். இலக்கப் பலகையும், சிவப்பு வெள்ளை அளவுகோலும் கரி மண்ணில் வைத்து எடுப்பார்கள். படம் எடுத்து முடிய ஆரணி உள்ளே ஒரு கால் வைத்து அவற்றை எடுத்துக்கொண்டு, பலகைப் பாலத்தில் ஏறும்போது சறுக்கி விழுந்தாள். கணுக்கால் கண்முன்னே வீங்கியது.

தேத்தண்ணி நேரம். எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போனார்கள். நான் பின்தங்கினேன். காலையில் மழை பெய்ததால் அந்தக் கறுப்பு மண்ணில் அவளுடைய வலது சப்பாத்துத் தடம் அச்சு மாதிரிப் பதிந்திருந்தது. நாவூறு கழிக்கக் காலடி மண் வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கயிற்றுக்கு மேலால் குனிந்து, எங்கள் பக்கத்து முறைப்படி இடக்கையால், பெருவிரல் பட்ட இடத்தில், மூன்று விரல் கொள்ளுமளவு, ஒரே தரம் கிள்ளினேன். கைப்பையில் இருந்த திருநீற்றுச் சிமிழைத் தட்டி வெறுமையாக்கி மண்ணை அதில் போட்டேன். கிள்ளின பள்ளத்தை விரலால் தடவி மூடியும் விட்டேன். களவு என்று ஒரு துளியும் தோன்றவில்லை. என் பிள்ளையின் காலடி மண். வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது.

திரும்பும்போது லண்டன் ஸ்டேஷனில் ஒரு அதிகாரி சிமிழைத் திறந்து மணந்து பார்த்தார். நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் மூடித் தந்தார். எனக்கு முதுகெல்லாம் வேர்வை.

4

ஆறு கிழமை முடிந்து ஆரணி நொண்டிக்கொண்டு வந்தாள். முகம் கறுத்திருந்தது. பதினேழாம் சதுரத்தில் கடைசி வரை ஒன்றுமே கிடைக்கவில்லை. கரிப் படைக்குக் காலம் சொல்ல முடியாவிட்டால் ஆய்வேட்டில் எழுத என்ன இருக்கிறது? சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தாள்.

ஞாயிறு பகல் அவளைக் குசினிக் கதிரையில் கிழக்குப் பார்த்து இருத்தினேன். புகை மணி அடிக்காமல் இருக்க அதைப் பொலித்தீன் பையால் கட்டினேன். அடுப்பில் பழைய தாச்சி காய்ந்தது. "மமோன், வித்!" என்றாள், கெதியாகட்டும் என்று. செத்தல் மிளகாய், உப்பு, கடுகு, அந்த மண் எல்லாவற்றையும் கையில் பொத்தி மூன்று தரம் தலையைச் சுற்றித் தாச்சியில் போட்டேன்.

டிங் என்றது.

மண் டிங் என்காது. ஆரணி எனக்கு முந்தி எழும்பிவிட்டாள். அடுப்பை நிற்பாட்டி, கரண்டியால் மிளகாயை ஒதுக்கி, எதையோ எடுத்துத் தண்ணீர்க் கோப்பைக்குள் போடாமல், ஊதி ஊதி உள்ளங்கையில் வைத்தாள். நகம் மாதிரி மெல்லிய, அரைவட்டமான, கறுத்த தகடு. ஒரு பக்கத்தில் சிலுவைக் கோட்டின் பாதி.

"அம்மா. இது எங்கத்தை மண்?"

நான் கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினேன்.

"சொல்லுங்கோ அம்மா. எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

தமிழில் கேட்டாள். சொன்னேன். அவள் கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். மிளகாய்ப் புகை இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அது வேறு அழுகை.

அது வெள்ளிக் காசு, அச்சைப் பார்த்தே எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாமாம். கோட்டை இருந்த காலத்தில் சில்லறை போதாமல் ஒரு காசைச் சிலுவைக் கோட்டோடு இரண்டாய் வெட்டி அரைக்காசாகப் பாவித்தார்களாம். அவள் மூன்று கிழமை தேடி, மிச்ச மூன்று கிழமையும் தேடியது அதுதான். அது என் கைப்பையில் பாரிஸுக்கு வந்துவிட்டது.

சத்தம் கேட்டு இவர் வந்தார். விஷயம் விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது.

"இஞ்சரும், உமக்கென்ன விசரே? அரசாங்கத்தின்ரை இடத்திலை களவெடுத்ததெண்டு ஒரு பதிவு வந்தால் என்ரை நஷனாலித்தே? பத்து வருசம் காத்துக் கிடக்கிறன்! குப்பையிலை எறி உதை!"

"எறிய வேண்டாம்," என்றேன் நான். எனக்கு ஒரு யோசனை வந்திருந்தது. "பிள்ளை, அடுத்த வருசம் போகேக்கை கொண்டுபோய் அந்த மண்ணுக்குள்ளையே வை. நீயே கண்டெடுத்த மாதிரி எடு. ஒருதருக்கும் நட்டமில்லை, உன்ரை படிப்பும் தப்பும்."

ஆரணி கண்ணைத் துடைத்தாள்.

"மண்ணிலை கிடக்கேக்கைதான் அது சாட்சி. எங்கை கிடந்தது எண்டு பொய் சொன்னா அது வெறும் காசு. உங்களுக்கு அது தெரியும்தானே அம்மா? உங்கட கேசிலையும் ஆரோ எழுதித் தந்த இடத்தையும் நாளையும் சொல்லித்தானே முதல் தரம் ரிஜெக்ட் வந்தது?"

இவர் யன்னலைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை.

5

ஊரிலிருப்பவர்களுக்கு இது தெரியாது, சொல்லுகிறேன். வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்குக் கதை எழுதித் தருகிற ஒருவரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "உது காணாது தங்கச்சி, நாளும் இடமும் துலக்கமா இருக்க வேணும்" என்று அவர் என் கதைக்கு நாட்களும் ஊர்ப் பெயர்களும் போட்டு அழகாக்கித் தந்தார். நான் பாடமாக்கினேன். விசாரணை அறையில் அதிகாரி, செல் விழுந்தபோது பங்கர் வாசல் கிணற்றுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். எழுதித் தந்த ஊரில் நான் பங்கரே வெட்டவில்லை, என்னத்தைச் சொல்லுவது? நிராகரித்தார்கள். மேல் விசாரணையில் பாடமாக்கினதை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். அதற்குத்தான் இங்கே இருக்க வதிவிட காட் கிடைத்தது. அந்த அறைக்கு வெளியே, ஏழு வயதில், ஒரு வாங்கில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தவள் இவள். மறக்கவில்லை.

"அந்த அம்மாவுக்குப் போனைப் போடு," என்றேன்.

"நான் எல்லாத்தையும் சொல்லுவன் அம்மா. உங்கட பெயரையும்."

"நான்தான் சொல்லப் போறன். நீ மொழிபெயர்."

அடுத்த நாள் பின்னேரம் கணினித் திரையில் பொறுப்பாளர் அம்மா வந்தா. சிரிக்கவில்லை. எறியச் சொன்ன இவர், பிரெஃபெக்தூருக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். கூப்பிடவில்லை, தானே வந்தார்.

அந்த அம்மா தன் பக்கத்தில் சதுரத்தின் படத்தைத் திறந்து வைத்திருந்தா. கேள்வி தொடங்கியது.

எந்தக் காலின் தடம்? வலது கால். தடம் எங்கே? அளவுகோலின் சிவப்பு முனை கிடந்த இடத்தில், சுவர்ப் பக்கம் ஒரு சாண் தள்ளி. சாண் என்றால்? என் கையை விரித்துத் திரையில் காட்டினேன். ஆரணி அடிமட்டம் வைத்து அளந்து சொன்னாள். தடத்தில் எந்த இடம்? பெருவிரல் பட்ட இடம். வேறு எங்காவது? இல்லை. எத்தனை தரம்? ஒரு தரம், இடக்கையின் மூன்று விரலால். எவ்வளவு ஆழம்? நகம் மூடும் வரை. மண் வேறு எதனோடும் கலந்ததா? சிமிழில் ஒட்டியிருந்த திருநீறு. பிறகு மிளகாய், உப்பு, கடுகு. கேட்ட ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. முறை தப்பாமல் எடுத்தவளுக்கு எப்படி மறக்கும்?

கடைசியில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டா.

ஆரணி என்னைப் பார்த்தாள். "என்னெண்டு சொல்ல அம்மா?"

"உள்ளதைச் சொல்லு. நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை என்ரை பிள்ளையைப் புகழ்ந்தியள். உடனை அவள் விழுந்தாள். அதுக்குத்தான் எடுத்தனான் எண்டு சொல்லு."

"அம்மா!"

"சொல்லடி!"

சொன்னாள். திரையில் அந்த அம்மா கன நேரம் அசையாமல் இருந்தா. இணைப்பு அறுந்துபோச்சோ என்று இவர் கேட்டார். அறவில்லை. பிறகு, எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள், குழு முடிவெடுக்கும், பொருளைத் தொடாமல் வையுங்கள் என்று சொல்லிப் போனா.

6

ஒன்பது நாள். ஆரணி என்னோடு கதைக்கவில்லை. இவர் தபால் பெட்டியை நாளுக்கு மூன்று தரம் திறந்தார். கடையில் நான் பாவற்காயைப் புடலங்காய் விலைக்கு நிறுத்துக் கொடுத்து முதலாளியிடம் பேச்சு வாங்கினேன். என் ஒரு கிள்ளு மண்ணால் பிள்ளையின் படிப்பும் மனுசனின் கடதாசியும் போகப் போகிறதே என்று ரயிலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. காசை ஒருவர் வந்து பெற்றுக்கொள்வார். அது கண்டெடுத்த இடம், சாட்சியின் வாக்குமூலத்தின்படி என்று குறித்துப் பதியப்படும். ஆரணி அதை ஆய்வேட்டில் பயன்படுத்தலாம். ஆனால் தன் விருந்தாளியைக் கவனிக்காமல் விட்டதற்காக அடுத்த கோடையில் அவளுக்குச் சதுரம் இல்லை, ஓட்டுத் துண்டு கழுவுகிற இடத்தில் வேலை. பொலிசுக்கு ஒன்றும் போகவில்லை. கடைசி வரியில், ஆரணியின் தாயார் எப்போதும் வரலாம், கயிற்றுக்கு வெளியே.

இவர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். ஆரணி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் முடிக்கேல்லை."

"என்னத்தை?"

"நாவூறு. பாதியிலை அடுப்பை நிப்பாட்டினது நான்தானே. கால் இன்னும் நோகுது."

"இப்ப காலடி மண்ணுக்கு எங்கை போறது?"

அவள் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பதினோராம் மாடியிலிருந்து கீழே கூட்டிப்போனாள். கார் நிற்பாட்டுகிற இடத்தில், ஒரு மரத்தடியில் கொஞ்சம் ஈர மண். வலது செருப்பைக் கழற்றிவிட்டு அதில் காலை அழுத்தி வைத்தாள்.

"இஞ்சை எடுங்கோ," என்றாள். "இது எங்கட இடம்தானே, ஒருதரும் கேக்கமாட்டினம்."

7

அடுத்த கோடை அவள் ஓடு கழுவினாள். அதற்கடுத்த கோடை திரும்பவும் சதுரம் கொடுத்தார்கள். இப்போது மேற்படிப்பில் இருக்கிறாள். இவருக்குப் போன மாதம் குடியுரிமைக் கடதாசி வந்தது.

மஞ்சள் தாள் ஒட்டின பக்கத்தை நேற்றுப் போனில் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள், ஒவ்வொரு சொல்லாக யோசித்து யோசித்து:

"பதினேழாம் சதுரம், எரிந்த படை. வெட்டிய வெள்ளி அரைக்காசு. அகழ்வாளரின் வலது காலடித் தடத்தில், பெருவிரல் பட்ட இடத்திலிருந்து, இடக்கையின் மூன்று விரல்களால், ஒரே தரத்தில், அவருடைய தாயாரால் எடுக்கப்பட்டது. எடுத்த காரணம்: இந்த அகழாய்வின் பொறுப்பாளர் அவரைப் பலர் முன்னிலையில் புகழ்ந்தமை."

பிறகு அடைப்புக்குள் என் பெயர், முழுதாக.

நான் சொன்னது அப்படியே இருந்தது. ஒரு சொல்லும் ஒருவரும் கூட்டவில்லை.